ஆஸ்டீரியாஸ், அரியோகார்ப்பஸ் நாற்று: டப்பா மூடியை எப்போது எடுப்பது?

அம்மாபேட்டை மாடி
வணக்கம். ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியாஸ், அரியோகார்ப்பஸ் ரெட்டூசஸ் என்ற இரண்டு கள்ளிகளையும் விதை போட்டிருக்கிறேன். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, மாடியில் ஒற்றைப் பச்சை நிழல் வலைக்கு அடியில். இரண்டும் நன்றாக முளைத்தன. இப்போது ஆஸ்டீரியாஸில் சில செம்பழுப்பாக மாறுகின்றன. "கள்ளிதானே, மூடியை எடுத்து வெயிலில் காயவிடு" என்கிறார் மாமா. எடுக்கலாமா?

ஏற்காடு கள்ளி
வேண்டாம் தம்பி, இப்போது எடுக்காதீங்க. வளர்ந்த கள்ளிக்குப் பொருந்துவது நாற்றுக்குப் பொருந்தாது. ஆஸ்டீரியாஸின் சொந்த ஊர் டெக்சாஸின் தென்கோடியும் வடகிழக்கு மெக்சிகோவும். அங்கேயும் பெரும்பாலும் புதர் நிழலில்தான் வளர்கிறது. பிஞ்சு நாற்றுக்குச் சேலம் மாடி வெயில் ரொம்ப அதிகம்.

பல்குத்தும் குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வெளிச்சம் கூடிப்போயிருக்கிறது, வலையை இரட்டையாக்கினால் பச்சை திரும்பிவிடும். கொழகொழவென்று சாய்ந்தால் பூஞ்சை. அந்த நாற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு உடனே அள்ளி எறிந்துவிடுங்கள், ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் பக்கத்து நாற்றுக்குப் பரவும். மூடிய டப்பாவில் நேர் வெயில் படவே கூடாது, உள்ளே வெந்துவிடும்.

ஆஸ்டீரியாஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். அரியோகார்ப்பஸ் மெதுவான செடி, அதற்கு இன்னும் சில மாதம் பொறுங்கள். அதனால் அடுத்த முறை இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீங்க.

சூரமங்கலம் அக்கா
தண்ணீரையும் கவனிங்க. போர் தண்ணீர் ஊற்றினால் மண்மேல் வெள்ளையாக உப்புப் படியும், நாற்று அப்படியே நின்றுவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. நான் சலித்த செங்கல் தூள், பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைத் துகள்), கொஞ்சம் கோகோபீட் (தென்னை நார்த் தூள்) கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டுத்தான் விதை தூவுவேன். விதைமேல் மண் மூடக் கூடாது.

நம்ம ஊருக்கு, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முடிந்த கையோடு போடுவதுதான் சரி. அடுத்த சித்திரை வெயில் வருவதற்குள் நாற்று தேறிவிடும்.

ஏற்காடு கள்ளி
அக்கா சொன்னது சேலத்துக்குச் சரி. இங்கே மலைமேல் சுமார் 1,500 மீட்டர் உயரம், ஆடியில் மூடுபனியும் ஈரமும்தான். 25 முதல் 30 டிகிரி சூடு இருந்தால்தான் இந்த விதைகள் ஒழுங்காக முளைக்கும். அதனால் நாங்கள் பங்குனியில் போடுகிறோம்.

அம்மாபேட்டை மாடி
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. குச்சியால் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் கெட்டிதான். இரண்டாவது வலையும் கட்டிவிட்டேன். அப்புறம், அரியோகார்ப்பஸை டிராகன் பழத் தண்டில் ஒட்டுக் கட்டினால் சீக்கிரம் பூக்கும் என்கிறார்களே?

ஏற்காடு கள்ளி
பூக்கும். சொந்த வேரில் பல வருடம் ஆவது ஒட்டில் ரொம்பவே குறையும். ஆனால் அரியோகார்ப்பஸின் அழகே மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு வேரும் அந்த நிதானமும்தான். எனக்கு ஒட்டில் உப்பிய செடியைப் பார்க்கவே மனம் ஒப்பாது. நாற்று நிறைய இருந்தால் ஒன்றிரண்டை மட்டும் விதைக்காக ஒட்டுங்கள், மற்றதை ஆழமான தொட்டியில் விடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவசரப்பட்டு யாரிடமும் பெரிய செடியாக வாங்காதீங்க. அரியோகார்ப்பஸ் பேரினம் முழுவதும், ஆஸ்டீரியாஸும் சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) முதல் பட்டியலில் இருக்கின்றன. காட்டிலிருந்து தோண்டி விற்பதால்தான் அந்த நிலை. ஆஸ்டீரியாஸ் பூக்கும்போது இரண்டு செடி ஒன்றாகப் பூத்தால் மகரந்தம் மாற்றித் தடவுங்கள், தனிச் செடி தன் மகரந்தத்தில் காய் பிடிக்காது. விதை வந்தால் எனக்கும் கொஞ்சம் அனுப்புங்கள்.