கிங் கிரிம்சன் ஆவணப் பதிவுகள்: எதில் தொடங்கலாம்?

கேள்வி: பிரிட்டிஷ் ராக் குழுவான கிங் கிரிம்சனின் கச்சேரி ஆல்பம் ‘எர்த்பவுண்ட்’ (1972) ஏன் இவ்வளவு கரகரப்பாக இருக்கிறது? ரீமாஸ்டரில் (ஒலியைச் சீர்செய்த மறுவெளியீட்டில்) சரியாகுமா? 1973–74 கச்சேரிகளுக்கு எதை வாங்கலாம்?

பதில் 1: அது மேடையில் கேசட்டில் பிடித்தது. மூலத்திலேயே ஒலி உடைந்துவிட்டதால் எந்த ரீமாஸ்டரும் காப்பாற்றாது. ‘தி நைட் வாட்ச்’ (1997, 2 சிடி) எடுங்கள்: 1973 நவம்பர் 23, ஆம்ஸ்டர்டாம் கச்சேரி. ‘ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்’ ஆல்பத்தில் உள்ள ‘டிரையோ’, ‘ஃப்ராக்சர்’ இரண்டும் அன்றிரவு வாசித்தவைதான். ஆல்பத்துக்காகக் கைதட்டலை வெட்டிவிட்டார்கள்.

பதில் 2: பிறகு ‘தி கிரேட் டிசீவர்’ (1992, 4 சிடி). ஒரே மூச்சில் கேட்காதீர்கள், திகட்டும்.

பழைய கேசட் நகல் கையில் இருந்தால் முதலில் நாடாவின் வேகம் சரியா என்று பாருங்கள். மெல்லோட்ரானை (நாடாவில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) வைத்துச் சரிசெய்ய வேண்டாம், அதுவே சுருதி விலகும். ஸ்பெக்ட்ரத்தில் (ஒலியை அதிர்வெண் வாரியாகக் காட்டும் வரைபடத்தில்) மின்சார இரைச்சலைத் தேடுங்கள். அமெரிக்கக் கச்சேரியென்றால், அங்குள்ள மின்சாரத்தின் அதிர்வெண்ணான 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 61.8 காட்டினால் நாடா 3% வேகம், ஏறக்குறைய கால் சுரம் ஏறியிருக்கும்.

பதில் 3: ஐரோப்பியப் பதிவில் கவனம். அங்கும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான்; நம்மூர் கேசட் டெக்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதே இடத்தில் வந்து குழப்பும்.