9 வருஷமா நின்ன 86 மாடல் புல்லட் 350: 40,000 ரூபாய்க்குள் எங்கிருந்து ஆரம்பிப்பது?

வண்டிக்காரன்86:

எல்லாருக்கும் வணக்கம். புல்லட் ஸ்டாண்டர்டு 350, 1986 மாடல், காஸ்ட் அயர்ன் இன்ஜின், 6 வோல்ட், வலது கால் கியர். 9 வருஷமா கொட்டகையில நிக்குது. இன்ஜின் ஜாம் ஆகலை. டாப் கியர்ல போட்டு பின்சக்கரத்தைச் சுத்தினா பிஸ்டன் ஏறி இறங்குது. ஆனா கிக்கர் ரொம்ப கனமா இருக்கு. ஆயில் டேங்க்ல டிப்ஸ்டிக் விட்டா ஒண்ணுமே ஒட்டலை, கீழேயும் பெருசா ஒழுகின கறை இல்லை. பெட்ரோல் டேங்க் உள்ளே துரு. டயர் ரெண்டும் வெடிச்சிருக்கு. ஆர்சி அப்பா பேர்ல, அவர் இப்போ இல்லை.

கையில இருக்கறது 40,000. பெயின்ட்டும் குரோமும் முதல்ல பண்ணிடுங்க, இன்ஜின் அப்புறம் பாத்துக்கலாம்னு பட்டறையில சொல்றாங்க. அது சரியா? போர் பண்ணணுமா (சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கறது) வேண்டாமான்னு எதை வெச்சு முடிவு பண்றது? 12 வோல்ட்டுக்கு மாத்தியே ஆகணுமா?

காஸ்ட்அயர்ன்:

தம்பி, பெயின்ட்டைத் தொடாதீங்க. இன்ஜினை இறக்கி ஏத்தறப்போ புது பெயின்ட்ல கீறல் விழும், அதுக்கு மறுபடி காசு. கடைசியில வர வேண்டிய வேலை அது.

உங்க ஆயில் எங்கேயும் போகலை, கிராங்க் கேஸுக்குள்ள இருக்கு. இந்த இன்ஜின்ல ஆயில் டேங்க் தனியா கிடையாது, கிராங்க் கேஸ் வார்ப்போட பின்பக்கம் ஒரு அறை. டைமிங் பக்கம் ரெண்டு பம்ப்: ஒண்ணு பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்க்கோட சேர்ற கீழ்முனை) ஆயில் அனுப்பும், இன்னொண்ணு கீழே விழுந்த ஆயிலைத் திருப்பி எடுக்கும். பம்ப் டிஸ்க் தேஞ்சிருந்தா, வண்டி நிக்கிற காலத்துல டேங்க் ஆயில் மெதுவா கசிஞ்சு ஃப்ளைவீல் அறையில இறங்கிடும். கிக்கர் கனமா இருக்கறது அதனாலதான். டேங்க் காலின்னு நினைச்சு மேல புது ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணினா பிரீதர் (இன்ஜின் மூச்சுக் குழாய்) வழியா ஆயில் பீச்சும், சைலன்சர்ல வெள்ளைப் புகை கிளம்பும். கீழே இருக்கற டிரெயின் பிளக் எல்லாத்தையும் கழட்டி ஒரு ராத்திரி முழுக்க வடிய விடுங்க. வர்ற ஆயிலை வெள்ளைத் துணியில வடிகட்டிப் பாருங்க. வெள்ளி மினுமினுப்பா தூள் இருந்தா பிக் எண்டு, புஷ் சந்தேகம். கருப்புக் களி மட்டும்னா பயப்பட வேணாம்.

அந்தக் களிதான் அடுத்த ஆபத்து. 9 வருஷத்துல டேங்க் அடியில அது தார் மாதிரி உறைஞ்சிருக்கும். புது ஆயில் ஊத்தினதும் கரைஞ்சு கிளம்பி பம்ப் வாயை அடைக்கும். மண்ணெண்ணெய் ஊத்தி, நீள பிரஷ்ஷால தேய்ச்சு, சுத்தமா வர்ற வரைக்கும் கழுவுங்க. கழுவறப்போ இன்ஜினை ஓட்டக் கூடாது. இந்த இன்ஜின்ல பிக் எண்டு ஃப்ளோட்டிங் புஷ் வகை, ஆயில் படலம் இல்லாம ஒரு நிமிஷம்கூட தாங்காது.

பம்ப் ரெண்டையும் கழட்டி டிஸ்க்கைப் பாருங்க. கோடு விழுந்திருந்தா அதே இருக்கையில வெச்சு மெட்டல் பாலிஷால வட்டமா தேய்ச்சு எடுங்க. மங்கலான சாம்பல் நிறம் முழு வட்டமும் சீரா வரணும். அப்புறம் பெட்ரோல்ல கழுவி ஒரு துளி பாலிஷ்கூட மிச்சமில்லாம எடுத்துடணும். பம்பைத் திருப்பற வார்ம் நட் (திருகுப் பல் உள்ள நட்டு) இடதுமரை. வழக்கமான பக்கம் திருப்பினா இன்னும் இறுகி கடைசியில உடையும்.

டைமிங் கவர்ல இருக்கற ஃபெல்ட் ஃபில்டரைப் புதுசா போடுங்க. ஸ்பிரிங், வாஷர் எந்த வரிசையில வருதோ, கழட்டறப்பவே போனில் படம் எடுத்து வெச்சுக்குங்க. வரிசை மாறினா ஆயில் ஃபில்டரைச் சுத்திக்கிட்டுப் போகும், இல்லேன்னா போகவே போகாது.

எல்லாம் பூட்டினப்புறம் சுமார் 2¼ லிட்டர் 20டபிள்யூ50. ஃபில்டர் அறையையும் ஆயிலால நிரப்பிட்டு மூடணும். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி வெச்சு கிக்கரை 40, 50 தடவை நிதானமா மிதிங்க. ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்ல விட்டு, ஹெட்டுக்குப் போற ஆயில் பைப்போட பாஞ்சோ போல்ட்டை (ஆயில் போக உள்ளே ஓட்டை இருக்கற போல்ட்) அரைச்சுத்து தளர்த்துங்க. ஆயில் விட்டு விட்டுக் கசியணும். ஒரு நிமிஷத்துல வரலைன்னா உடனே ஆஃப். அப்படியே ஓட்டிப் பாத்தா பிக் எண்டு போயிடும், உங்க பட்ஜெட்ல பாதியும் அதோட போயிடும்.

காசை என் கணக்குல இப்படிப் பிரிப்பேன்: இன்ஜின், பம்ப், லேத் வேலைக்கு 16,000. டயர், டியூப், பிரேக் ஷூ, வீல் பேரிங்குக்கு 9,000. வயரிங், பேட்டரிக்கு 5,000. ஆர்டிஓ, இன்சூரன்ஸுக்கு 5,000. மிச்சம் 5,000 தொடாம வெச்சிருங்க, பிரிச்சப்புறம்தான் தெரியற கோளாறு ஒண்ணு கட்டாயம் இருக்கும்.

லேத்துப்பட்டறை:

போர் பண்றதுக்கு மின்னாடி அளந்து பாருங்க. சத்தத்தையும் புகையையும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. சிலிண்டர் விட்டம் (போர்) 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கற தூரம் (ஸ்ட்ரோக்) 90 மி.மீ., மொத்தம் 346 சிசி. சிலிண்டரோட மேல் விளிம்புல இருந்து அரை இஞ்ச் கீழ, வண்டியோட முன்-பின் திசையில போர் கேஜ் விடுங்க. தேய்மானம் அதிகமா அங்கதான் இருக்கும். அடியில ரிங் தொடாத இடத்துல இன்னொரு அளவு. ரெண்டுக்கும் வித்தியாசம் 5 தவுக்குள்ள (ஒரு தவுன்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இருந்தா, சுவர்ல துருக்குழி இல்லாட்டி, ஹோனிங் பண்ணி (சுவரை லேசா உரசிச் சீராக்கி) புது ரிங் போட்டாப் போதும்ங்க. அதுக்கு மேலன்னா போர் பண்றதுதான் வழி.

பிஸ்டனை வாங்கி கையில வெச்சுக்கிட்டு லேத்துக்குப் போகோணும். ஒரே சைஸ் எழுதின ரெண்டு பிஸ்டன் அளந்தா ஒண்ணா இருக்காது. அந்தப் பிஸ்டனுக்குத்தான் போர், பெட்டியில எழுதின நம்பருக்கு இல்ல. ரிங்கைச் சிலிண்டருக்குள்ள நேரா தள்ளி வாய் இடைவெளி பாருங்க, 0.3 மி.மீ. இருந்தாச் சரி. குறைஞ்சா சூட்டுல முட்டிக்கிட்டு சிலிண்டர்ல கோடு போடும்.

சிலிண்டர் கழட்டினதும் கனெக்டிங் ராடை ரெண்டு கையால புடிச்சு நேர் மேல, நேர் கீழ இழுத்துப் பாருங்க. பக்கவாட்டுல ஆடறது இயல்பு. மேல-கீழ 'டக்'குனு ஒரு தட்டு கையில தெரிஞ்சா பிக் எண்டு வேலைங்க, அப்ப கிராங்கைப் பிரிச்சாகோணும். ராடைச் சுத்தி நல்ல ஆயிலை ஊத்திட்டுப் பாக்காதீங்க, ஆயில் அந்தத் தட்டை மறைச்சுப் போடும்.

ஹெட் வெளிய இருக்கறப்பவே வால்வ் ரெண்டையும் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேச்சுருங்க. கூடவே டிகம்ப்ரசர் வால்வ் (கிக்கர் மிதிக்க லேசாக அழுத்தத்தை வெளிய விடற சின்ன வால்வ்). அது குட்டியூண்டு சமாச்சாரம்னு எல்லாரும் உட்டுப் போடறாங்க. அதுல சீட் ஒழுங்கா உக்காரலைன்னா கம்ப்ரஷன் அங்க ஒழுகும், நீங்க புது ரிங் போட்டும் பிக்கப் இல்லைன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க.

இன்னொண்ணு. இந்த வண்டியில பழைய இங்கிலீஷ் மரையும் மெட்ரிக் மரையும் கலந்து கெடக்குது. 14-ம் நம்பர் ஸ்பேனர் லூசா, 13 ஏறலைன்னா அது விட்வொர்த்ங்கற பழைய இங்கிலீஷ் அளவு நட்டுங்க. பழைய இரும்புக் கடையில விட்வொர்த் ஸ்பேனர் நாலு தேடி வாங்குங்க. ஒரு நட்டு மூலை மழுங்கினாலே அரை நாள் போயிரும்.

ஆம்பியர்முள்:

12 வோல்ட் அவசியமில்லை. மாத்தணும்னா ஸ்டேட்டர் காயில், ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், ஹாரன், பல்பு, பேட்டரின்னு வரிசையா எல்லாம் மாறும், ஒதுக்கின 5,000 ஸ்டேட்டர் வேலையிலேயே தீர்ந்துடும். 6 வோல்ட்ல வெளிச்சம் மங்கறதுக்குப் பெரும்பாலும் காரணம் எர்த். 12 வோல்ட்டுல பொருட்படுத்தாத அரை வோல்ட் இழப்பு 6 வோல்ட்டுல பெரிய நஷ்டம். பேட்டரியில இருந்து இன்ஜினுக்கு ஒரு தடித்த எர்த் வயர், அங்கிருந்து ஹெட்லைட் கூட்டுக்கு இன்னொரு வயர் இழுங்க. ஹெட்லைட் எர்த் ஸ்டீயரிங் பேரிங் வழியா போனா ஹேண்டில் திருப்பறப்பெல்லாம் வெளிச்சம் துடிக்கும். பேட்டரி மாட்டறதுக்கு முன்னாடி பழைய வயரிங்ல எந்த முனை ஃபிரேமுக்குப் போயிருக்குன்னு பாத்துட்டு மாட்டுங்க.

பாயின்ட் (திறந்து மூடி தீப்பொறி வர வைக்கிற காண்டாக்ட்) இடைவெளி 0.35-ல் இருந்து 0.40 மி.மீ. பாயின்ட் நீலமா கருகி ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமா இருந்தா கண்டென்சரை மாத்துங்க. இன்ஜின் சூடானதும் மட்டும் மிஸ் ஆச்சுன்னாலும் முதல் சந்தேகம் அதுதான்.

டைமிங் (தீப்பொறி விழற நேரம்) 350-க்கு, டாப்புக்கு (பிஸ்டன் உச்சிக்கு வர்ற நிலை) 0.8 மி.மீ. முன்னாடி, அட்வான்ஸ் எடை (வேகம் கூடினா விரிஞ்சு தீப்பொறியை முன்னாடி தள்ளற எடை) முழுசா மூடின நிலையில. சைக்கிள் கம்பியைப் பிளக் ஓட்டையில விட்டு அளக்கற பழக்கம் இருக்கு. ஓட்டை சாய்வு, கம்பியும் சாயும், 0.8 மி.மீ.யை அதுல நம்ப முடியாது. உங்களுக்கு ஹெட் கழண்டிருக்கப் போகுதே, அப்பவே பிஸ்டன் தலையில டயல் கேஜ் வெச்சு, பிரைமரி கவரும் (கிளட்ச் பக்க மூடி) கழண்ட நிலையில ரோட்டர்ல டாப்புக்கு ஒரு கோடு, 0.8-க்கு ஒரு கோடு பெயின்ட்டால போட்டுடுங்க. இனி எப்போ டைமிங் வெச்சாலும் அந்தக் கோடு போதும். இன்ஜினை ஓடற திசையிலேயே சுத்திக் கோட்டுக்குக் கொண்டு வரணும். தாண்டிட்டா நல்லா பின்னாடி போய் மறுபடி வரணும், கியர் இடைவெளி அப்பத்தான் ஒரே பக்கம் உக்காரும். பாயின்ட் நடுவுல மெல்லிசு பேப்பர் துண்டைக் கடிக்க விட்டு லேசா இழுத்துக்கிட்டே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புங்க. பேப்பர் நழுவற அந்தப் புள்ளிதான் கணக்கு.

அட்வான்ஸ் எடைகள் துருப்பிடிச்சு விரிஞ்ச நிலையிலேயே நின்னிருந்தா கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போயிடும். கையால விரிச்சு விட்டுப் பாருங்க, தானா சட்டுனு மூடணும்.

பிரைமரி கவர் திறந்திருக்கறப்போ ரோட்டர், ஸ்டேட்டர் நடுவுல 0.2 மி.மீ. கேஜ் சுத்தி எல்லா இடத்துலயும் போகுதான்னு பாக்க மறக்காதீங்க. உரசினா காயில் எரியும். கவரை ஒரே நட்டுதான் பிடிக்கும். ஆயில் ஒழுகுதுன்னு அதைப் போட்டு இறுக்கினா கவர் வளையும், ஒழுகல் கூடும். ரப்பர் சீலை மாத்துங்க.

நாலாவதுகியர்:

பேப்பர் வேலையை இன்னிக்கே ஆரம்பிங்க, ஸ்பேனர் பிடிக்கறதுக்கு முன்னாடி. அப்பா பேர்ல இருந்து மாத்த படிவம் 31, கூட இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ். மத்த வாரிசுகள் இருந்தா அவங்க சம்மதமும் வேணும். 15 வருஷம் முடிஞ்சதும் ஆர்சி 5 வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கணும், அதுக்குப் படிவம் 25. உங்க வண்டிக்கு 2001, 2006-னு வரிசை வரும். 9 வருஷம் நின்னதால ஒரு தவணையாவது தப்பியிருக்கும். பழைய புத்தக ஆர்சின்னா விவரம் கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லேன்னா ஏத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கணும். இன்ஜின், சேசிஸ் நம்பர் இருக்கற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. எழுத்து மங்கினா ஆய்வுல சிக்கல். வின்டேஜ் பதிவு 50 வருஷம் தாண்டின வண்டிக்குத்தான், அது உங்களுக்கு இப்போ பொருந்தாது.

பெட்ரோல் டேங்குக்கு: டேப்பைக் கழட்டி ஓட்டையை அடைச்சுட்டு, ஒரு கைப்பிடி நட்டு போல்ட் எண்ணிப் போட்டுக் குலுக்குங்க. எண்ணினாத்தான் எல்லாம் வெளியே வந்ததான்னு தெரியும். அப்புறம் வெள்ளை வினிகரை வாய் வரைக்கும் ஊத்தி ஒரு நாள். கொட்டிட்டு சமையல் சோடா கரைச்ச தண்ணியில கழுவி, வெயில்ல காய வெச்சு, காய்ஞ்ச கையோட பெட்ரோல்ல கொஞ்சம் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து உள்ளே சுழட்டுங்க. தாமதிச்சா ஒரு மணி நேரத்துல மறுபடி செம்மண் நிறம் ஏறிடும். மலிவான எபாக்ஸி பூச்சு வேணாம். இப்போ பங்க்ல வர்றது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அது அந்தப் பூச்சை உரிச்சு ஜெட்டுக்கு அனுப்பும். அதே காரணத்துக்காக பெட்ரோல் டியூப், டேப் வாஷர், ஃப்ளோட் நீடில் மூணையும் எத்தனாலுக்கு ஏத்ததா மாத்துங்க. வாரக்கணக்கா நிறுத்தறதா இருந்தா டேப்பை மூடி கார்புரேட்டரைக் காலி பண்ணிட்டு நிறுத்துங்க.

டயர் ரெண்டு பக்கமும் 3.25-19. பிரேக் ஷூ புதுசு போட்டதும், முழுசா மிதிச்ச நிலையில பிரேக் கம்பியும் ஆர்மும் 90 டிகிரியில இருக்கற மாதிரி ஆர்மை ஸ்ப்லைன்ல (தண்டுல இருக்கற பல்வரிசை) மாத்தி மாட்டுங்க. அந்தக் கோணம் தாண்டினா எவ்வளவு மிதிச்சாலும் விசை குறைஞ்சுதான் போகும்.

பெட்ரோல் டேங்க் மேல பழைய தங்கக் கோடு இருக்கா? திருவொற்றியூர் ஆலையில பிரஷ் பிடிச்சுக் கையால இழுத்த கோடு அது. உத்துப் பாத்தா ஆரம்பிச்ச இடத்துல கொஞ்சம் பருத்து, முடியற இடத்துல மெலிஞ்சிருக்கும். கட்டிங் பாலிஷை அது மேல தேய்க்காம, சுத்தி மட்டும் தேய்ச்சு மெழுகு போடுங்க. அதை உரிச்சுட்டு ஸ்டிக்கர் ஒட்டின டேங்க்கைப் பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு.

வண்டிக்காரன்86:

ரொம்ப நன்றி அண்ணா எல்லாருக்கும். கீழ் பிளக்கைக் கழட்டினேன், ஒன்றரை லிட்டருக்கு மேல வந்துச்சு. துணியில கருப்புக் களிதான், மினுமினுப்பு இல்லை. ஹெட்டும் சிலிண்டரும் கழட்டி அளந்ததுல தேய்மானம் 3 தவு. ராடுல தட்டு தெரியலை. அப்போ ஹோனிங், புது ரிங். டாப்பெட் (வால்வ் இடைவெளி) எவ்வளவு வைக்கறது? ரன்னிங்-இன் (புது ரிங் பழகற வரைக்கும் ஓட்டறது) எப்படி?

காஸ்ட்அயர்ன்:

நல்ல சேதி தம்பி. டாப்பெட்டுக்கு ஃபீலர் கேஜ் வேணாம். இன்ஜின் முழுசா ஆறியிருக்கணும், கம்ப்ரஷன் டாப்புல பிஸ்டன் நிக்கணும். டாப்பெட் கவரைத் திறந்து புஷ்ராடை (வால்வைத் தள்ளற கம்பி) ரெண்டு விரலால உருட்டுங்க. தடையில்லாம உருளணும், மேல-கீழ ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. லாக் நட்டை இறுக்கினதும் மறுபடி உருட்டிப் பாருங்க, இறுக்கறப்போ அளவு மாறும். சத்தம் பிடிக்கலைன்னு எக்ஸாஸ்ட்டை இறுக்கி வெச்சா வால்வ் மூடாம எரியும்.

முதல் 500 கி.மீ. 50-ஐத் தாண்ட வேணாம், அதே சமயம் டாப் கியர்ல திணற விடவும் வேணாம். ஒரே வேகத்துல ரொம்ப தூரம் போகாம ஏத்தி இறக்கி ஓட்டினாத்தான் ரிங் உக்காரும். 100 கி.மீ.ல ஹெட் நட்டை ஆறின இன்ஜின்ல மறுபடி குறுக்கு வரிசையில இறுக்கி, டாப்பெட் பாருங்க. 250-ல ஆயிலும் ஃபெல்ட் ஃபில்டரும் மாத்துங்க, களி இன்னும் கொஞ்சம் வரும். வடிச்ச ஆயிலைத் துணியில ஊத்திப் படம் எடுத்து இங்கே போடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்.