கியர் பைக் ஓட்டுவது எப்போது பிடிக்க ஆரம்பிக்கும்?

கேள்வி:
கியர் பைக் பழக ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. கிளம்பும்போது வண்டி குதித்து ஆஃப் ஆகிவிடுகிறது. யு டர்ன் எடுத்தால் கால் தானாகத் தரைக்குப் போகிறது. அரை மணி நேரத்தில் மணிக்கட்டும் தோளும் வலிக்கின்றன. எல்லாரும் ஜாலி என்கிறார்கள், எனக்குப் பதற்றம்தான் மிச்சம். இது பிடித்துப்போகுமா, இல்லை கியர் இல்லாத ஸ்கூட்டரே போதுமா?

பதில் 1:
பிடிக்கும். ஆனால் எஞ்சினையும் சக்கரத்தையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் கைக்குப் பழகும் வரை பிடிக்காது. அதனால் அதை மட்டும் தனியாகப் பழகுங்கள்.

ஆள் இல்லாத சமதளத்தில் முதல் கியர் போடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். இடது கையில் அழுத்தியிருக்கும் கிளட்ச் லீவரை மெல்ல விட்டுக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் லேசாக அமுங்கும், வண்டி நகரப் பார்க்கும். கிளட்ச் பிடிக்கிற இடம் அதுதான். விரல் அங்கேயே நிற்கட்டும். ஓரடி நகர்ந்ததும் லீவரை மறுபடி அழுத்துங்கள். இதையே இருபது தடவை செய்துவிட்டு, பிறகு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இடம் வரை பொறுமையாக விட்டு, பிடித்தவுடன் மீதியைச் சட்டென்று விடுவதால்தான் வண்டி குதிக்கிறது. மூன்று நான்கு மீட்டர் போகும் வரை லீவர் பாதியிலேயே இருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டிக்கு ஓய்வு கொடுங்கள், கிளட்ச் பிளேட் சூடாகும்.

அதற்கு முன்னால் ஒன்று: லீவர் நுனியில் எவ்வளவு தளர்வு, அதாவது கேபிள் இறுகும் முன் லீவர் சும்மா அசையும் தூரம், இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 20 மி.மீ. வரை இருக்கலாம். தளர்வு அதிகமானால் லீவரை முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் முழுதாக விடுபடாது, நியூட்ரலும் எளிதில் விழாது. புதிதாகப் பழகுகிறவர்கள் தங்கள் கையையே குறை சொல்வார்கள், குறை கேபிளில் இருக்கும்.

பதில் 2:
கை வலிக்குக் காரணம் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பது. உடம்பைத் தாங்க வேண்டியது முழங்கால்கள், கை இல்லை. டேங்கை இரு பக்கமும் முழங்காலால் அணைத்துக்கொள்ளுங்கள். நேராகப் போகும்போது முழங்கையைச் சிறகுபோல லேசாக அசைத்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் இன்னும் இறுக்கம்தான்.

யு டர்னில் கால் தரைக்குப் போவதற்குக் காரணம் பார்வை. முன் சக்கரத்துக்குக் கீழே பார்த்தால் வண்டி அங்கேதான் போகும். தலையைத் திருப்பி, திரும்பி முடிக்க வேண்டிய இடத்தைப் பாருங்கள். கிளட்ச் பிடிக்கிற இடத்தில் இருக்கட்டும், ஆக்சிலேட்டர் ஒரே சீராக, பின் பிரேக்கில் மெல்லிய அழுத்தம். பின் பிரேக் லேசாக இழுத்துப் பிடிக்கும்போதுதான் வண்டி தள்ளாடாமல் திரும்பும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள், வண்டி உள்பக்கமாகச் சாய்ந்துவிடும்.

பதில் 3:
முன் பிரேக் விஷயம் மெதுவாகத் திரும்பும்போது மட்டும்தான். நேராகப் போகும்போது வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சரிந்து முன் டயரைத் தரையில் அழுத்துகிறது, பின் டயர் லேசாகிவிடுகிறது. அதனால் முதலில் மெல்லத் தொட்டு, எடை முன்னால் வந்தபின் அழுத்தத்தைக் கூட்டுங்கள். 30 கி.மீ. வேகத்தில் தினமும் பத்துமுறை பழகுங்கள். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத வண்டியில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் உடனே விட்டு, மறுபடி மெல்லப் பிடிக்க வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடி தயங்கினாலே 16 மீட்டருக்கு மேல் போய்விடும்.

பிடிக்குமா என்ற கேள்விக்கு என் பதில் வளைவில்தான் இருக்கிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி முடித்துவிடுங்கள். வலப்பக்கம் திரும்ப வலது ஹேண்டிலை முன்னால் மெல்லத் தள்ளுங்கள். கேட்கத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் ஓரளவு வேகத்தில் வண்டி அப்படித்தான் சாய்கிறது. சாய்ந்ததும் ஆக்சிலேட்டரைச் சீராக வைத்தால் வண்டி ஒரே கோட்டில் மிதப்பதுபோலப் போகும். எந்த கியரில் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அது ஒருமுறை அமையட்டும். அதற்குப் பிறகு ஸ்கூட்டரைப் பற்றி முடிவெடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அளந்து பார்த்தேன், லீவர் நுனியில் 30 மி.மீ. இருக்கிறது!

பதில் 1:
அப்போது பாதிப் பிரச்சினை அதுதான். லீவர் பக்கம் இருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, அது பூட்டி வைத்திருக்கும் அட்ஜஸ்டரை (கேபிளின் இறுக்கத்தை மாற்றும் திருகு) வெளிப்பக்கமாகச் சுற்றினால் தளர்வு குறையும். 15 மி.மீ. வந்ததும் நட்டை இறுக்குங்கள். பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, தளர்வு மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அட்ஜஸ்டர் கழன்று வரும் அளவுக்குச் சுற்ற வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு, எஞ்சின் பக்கம் உள்ள அட்ஜஸ்டரில் சரிசெய்யுங்கள்.