நாய்க்கு நாட்டு வைத்தியம்: பூசுவதெல்லாம் வயிற்றுக்குத்தான் போகிறது

நாய்களோடு பழகியவர்கள் சிலர் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள், கேட்ட கேள்விகளுக்கும் பதில் தருகிறார்கள்.

திருச்சி, ராஜபாளையம் வளர்ப்பவர்

எங்கள் வீட்டில் இருப்பது வெள்ளை ராஜபாளையம். மயிர் குட்டை, உள்ளே தோல் இளஞ்சிவப்பு. எது பட்டாலும் உடனே தெரிந்துவிடும். பங்குனி வெயில் ஏறினால் உண்ணியும் ஏறும். காது மடலைத் திருப்பினால், கால்விரல் இடுக்கைப் பிரித்தால், சின்னதும் பெரியதுமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

வேப்பெண்ணெயை அப்படியே தடவு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்படித் தடவினால் இவனுக்குத் தோல் சிவந்துபோகும். அதைவிடப் பெரிய தொல்லை, தடவி முடித்த கையோடு உட்கார்ந்து நக்க ஆரம்பிப்பான், கசப்பு தாங்காமல் வாயில் நுரை தள்ளும். அதனால் பத்துப் பங்கு தேங்காயெண்ணெய்க்கு ஒரு பங்கு வேப்பெண்ணெய் கலந்து, சாயங்காலம் தடவி, உடனே சங்கிலி போட்டு நடக்கக் கூட்டிப்போய்விடுவேன். திரும்பி வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். நக்க நேரம் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வேப்பெண்ணெய் உண்ணியை உடனே கொன்றுவிடும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் வளர்ச்சியைக் கெடுக்கும் சரக்கு. ஏற்கெனவே கடித்துத் தொங்குவதைக் கையால்தான் எடுக்க வேண்டும். சாமணத்தால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நகத்தால் நசுக்க வேண்டாம்.

இன்னொன்று, நாயின் மேல் இருப்பதைவிட வீட்டில் இருப்பதுதான் அதிகம். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்ததும் மெதுவாகச் சுவரேறும். நிலைப்படி இடுக்கு, சுவிட்ச் பெட்டியின் ஓரம், கூண்டின் மூலை என்று ஒதுங்கி ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரின் விரிசல்களைச் சிமென்ட் பூசி அடைத்த பிறகுதான் தொல்லை குறைந்தது. வேப்பிலைப் புகையெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, கொத்தனார் செய்த வேலையை எந்த மூலிகையும் செய்யவில்லை!

விருதுநகர் பக்கம், கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்தவர்

நக்குவதைப் பற்றிச் சொன்னது சரியான பேச்சு. நான் பார்த்தவற்றில் மோசமானவை பாதி அதனால் வந்தவைதான். தேங்காயெண்ணெயைக் காய்ச்சி அதில் சூடத்தைக் கரைத்து உண்ணிக்குத் தடவுவது எங்கள் பக்கம் வழக்கம். மனிதர்கள் நெஞ்சுச் சளிக்குத் தடவுகிறார்களே, நாய்க்கு என்ன ஆகும் என்று கேட்பார்கள். சூடம் தோல் வழியாகவும் உள்ளே போகும், நக்கினால் இன்னும் வேகமாகப் போகும், அளவு மிஞ்சினால் வலிப்பு வரும். ஒரு வீட்டில் சின்ன பொமரேனியனுக்கு உடம்பு முழுக்கத் தடவிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மேசையில் படுக்க வைத்தபோது நான்கு காலும் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார், நான் சோப்புப் போட்டு எண்ணெயைக் கழுவிக்கொண்டே இருந்தேன். பிழைத்துவிட்டது.

சொறிக்குக் கரி ஆயில், உண்ணிக்கு மண்ணெண்ணெய், இதெல்லாம் நாட்டு மருந்தே கிடையாது. தோலையும் வேகவைக்கும், வயிற்றையும் கெடுக்கும்.

அப்புறம் பூண்டு. தினமும் ஒரு பல் கொடுத்தால் உண்ணி ஒட்டாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வெங்காயம், பூண்டு எல்லாமே நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணி பரப்பும் பபேசியா கிருமியும் அதே சிவப்பணுக்களைத்தான் உடைக்கிறது. உண்ணி உள்ள நாய்க்குப் பூண்டு கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. சின்ன வெங்காயம் மிதக்கும் சாம்பார் சாதத்துக்கும் இது பொருந்தும்.

தேனி, கோம்பை நாயும் மாடும் வைத்திருப்பவர்

மாட்டு வைத்தியத்தை நாய்க்குப் போடுவது பற்றி ஒன்று சொல்கிறேன். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசுவது மாடு வைத்திருக்கும் பலருக்கும் தெரிந்த மருந்து. எங்கள் மாடுகளுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. ஒருநாள் மிச்சமிருந்த விழுதை, வேலிக்கம்பி கிழித்த நாயின் தொடையில் அப்பா அப்பிவிட்டார். மாடு மடியைத் திரும்பி நக்குவது அபூர்வம். இது கோம்பை, காயும்வரை சும்மா இருக்குமா? வழித்து நக்கிவிட்டு ராத்திரி முழுக்க வயிற்றாலே போனது. கற்றாழையை வெட்டினால் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடிகிறதே, அது பேதி மருந்து. சுண்ணாம்போ புண்ணை அரிக்கும்.

இப்போது சின்னக் கீறல் என்றால் உப்புத் தண்ணீரில் கழுவி, கொஞ்சம் மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் போடுகிறோம். ஆழமான காயத்துக்கு அதுவும் கிடையாது, தையல் போட நேராக ஆஸ்பத்திரிதான். மஞ்சள் பூசிய நாய் வீட்டுக்குள் வந்தால் திண்ணை, பாய், வேட்டி எல்லாவற்றிலும் அச்சுப் பதிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு அதுதான் பெரிய குறை.

சென்னை, தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்

எங்கள் தெருவில் அடிக்கடி வருவது புழு வைத்த புண். ஈ உட்கார்ந்து முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு வந்துவிடும். வெளியே சின்ன ஓட்டை, உள்ளே விரல் நுழையும் ஆழத்துக்குக் குடைந்திருக்கும். வாடை வந்தவுடன் தேட வேண்டும், காதுக்குப் பின்னாலும் வாலடியிலும் முதலில் பாருங்கள்.

சீத்தாப்பழ இலையை அரைத்துச் சாறு பிழிந்து விட்டால் புழு நெளிந்து வெளியே வரும். தெருக்கோடி இஸ்திரிக்காரம்மா கற்றுக்கொடுத்தது, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மேலே வருவது மேலே இருப்பவை மட்டும். அடியில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுக்க இடுக்கியும் பொறுமையும் வேண்டும், பெரிய புண்ணென்றால் மயக்க மருந்தும் வேண்டும். அதனால் இலைச்சாறு எனக்கு நாயை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வண்டி வரும்வரைக்கான கைவைத்தியம் மட்டுமே.

ஒரு எச்சரிக்கை: சீத்தாப்பழ விதைத்தூளைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பேனுக்கு நல்லது என்று மனிதர் தலையில் தேய்த்து, தூள் கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணாகி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. நாய்க்குத் தலையில் போட்டால் ஒரு உதறலில் அதன் கண்ணிலும் விழும், உங்கள் கண்ணிலும் விழும்.

சேலம், குட்டிகளைத் தத்துக் கொடுப்பவர்

வயிற்றுப்போக்குக்கு நான் செய்வது குழைந்த சாதம், தோல் சீவி வேகவைத்த மஞ்சள் பூசணி, ஒரு கரண்டி தயிர். உப்பு, மசாலா எதுவும் இல்லை. பெரிய நாய், விளையாடிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

தடுப்பூசி போடாத குட்டி வாந்தி எடுத்து, சோர்ந்து படுத்து, இரத்தத்தோடு நாற்றமடிக்கும் பேதி போனால் பூசணியை மறந்துவிடுங்கள். அது பார்வோ வைரஸாக இருக்கலாம். மாதுளைத் தோல் கஷாயம், சீரகத் தண்ணீர் என்று ஒரு நாள் கடத்தினால், அந்த ஒரு நாளில் உடம்பிலுள்ள நீரெல்லாம் போய்விடும். குளுக்கோஸ் ஏற்றினால்தான் பிழைக்க வழி. கஷாயத்தை வாயில் புகட்டும்போது புரையேறி நுரையீரலுக்குப் போன குட்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

திருச்சி, ராஜபாளையம் வளர்ப்பவர்

பப்பாளி இலைச்சாறு பற்றித் தனியாகக் கேட்டிருந்தார்கள். போன வருடம் இவனுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை, ஈறு வெளுத்துவிட்டது, மூக்கில் இரத்தம் கசிந்தது. இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தன, உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்றார்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுக்கச் சொன்னார் டாக்டர். நான்காம் நாளே எழுந்து வாலாட்டினான், ஆனாலும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தவில்லை. பப்பாளி இலைச்சாறும் கொடுக்கலாமா என்று கேட்டேன். கொஞ்சமாகக் கொடுத்தால் கெடுதல் இல்லை, ஆனால் கிருமியைக் கொல்வது மாத்திரைதான், வாந்தி எடுத்தால் சாற்றை உடனே நிறுத்திவிடுங்கள் என்றார். அவன் முதல் கரண்டியையே என் சட்டையில் துப்பிவிட்டான், அத்தோடு விட்டாயிற்று. மாத்திரையை மட்டும் இட்லிக்குள் வைத்துக் கொடுத்தேன், தொண்டையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பின்னாலேயே தண்ணீரும் கொடுக்க வேண்டும்.

பாத வெடிப்புக்கு விளக்கெண்ணெயா தேங்காயெண்ணெயா என்று கேட்டவருக்கு: தேங்காயெண்ணெய். விளக்கெண்ணெயும் தோலுக்கு நல்லதுதான், ஆனால் நக்கினால் காலையில் கூடத்தைக் கழுவப்போவது நீங்கள்தான். தடவிவிட்டுக் குழந்தைகளின் பழைய காலுறையை மாட்டிவிடுங்கள், தூங்கும்வரை பக்கத்தில் இருங்கள். விட்டால் காலுறையையும் தின்றுவிடும்.