மறு: மியூச்சுவல் ரெகக்னிஷன் அக்ரிமென்ட் (ஒரு நாட்டுப் படிப்பை, தகுதியை இன்னொரு நாடு ஒத்துக்கிற ஒப்பந்தம்), தமிழ்ல என்ன போடலாம்?

> பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம்னே விட்டுடலாமே, பேப்பர்லயும் அப்படித்தானே வருது.

ஐயா, "பரஸ்பரம்" வடமொழின்னு நான் சண்டைக்கு வரல, எனக்கு இடிக்கிறது "அங்கீகாரம்"தான். நம்ம ஊர்ல அங்கீகாரம்னா அது காலேஜுக்குக் கிடைக்கிறது. வாஷிங்டன் அக்கார்டுக்கு (1989, இந்தியா முழு உறுப்பினர் ஆனது 2014) அந்த வார்த்தை பொருந்தும், ஏன்னா அங்க ஒரு நாடு தரம் பார்த்து ஓகே பண்ண இன்ஜினியரிங் படிப்பைத்தான் மத்த நாடுங்க ஒத்துக்குது. நர்ஸ் கதை வேற. ஆசியான்ல இருக்கிற தென்கிழக்கு ஆசிய நாடுங்க 2006லயே நர்ஸுங்களுக்கு இந்த மாதிரி ஒப்பந்தம் போட்டாச்சு, ஆனாலும் பிலிப்பைன்ஸ் நர்ஸ் தாய்லாந்து போய் உடனே வார்டுல நிக்க முடியாது, அந்த நாட்டு லைசென்ஸ், அந்த நாட்டு மொழி எல்லாம் தாண்டணும். ஜெர்மனியிலயும் அப்படித்தான், பாஷையும் படிச்சு, அங்க இருக்கிற மாநில அதிகாரிங்க சர்டிபிகேட்டைப் பார்த்து, குறை இருந்தா ஒரு பரீட்சையோ கூடுதல் பயிற்சியோ முடிச்சாதான் முழு நர்ஸ். 2024 மார்ச்லேர்ந்து அங்கயே வேலை பார்த்துக்கிட்டு இதை முடிக்கவும் வழி வெச்சிருக்காங்க, அது நல்ல ஏற்பாடு.

அதாவது இங்க எடை போடுறது ஒரு ஆளோட தகுதியை. அதனால "தகுதியேற்பு உடன்பாடு". உடன்பாடுன்னாலே ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டதுதானே, பரஸ்பரம் தனியா எதுக்கு?

பேர்ல "இணை"ங்கிற சொல்லும் வேணாம், ஒரு டிகிரி இன்னொண்ணுக்குச் சமம்னு காட்டுற இணைத்தன்மைச் சான்றுக்காக டிஎன்பிஎஸ்சி பசங்க ஏற்கனவே அலையுறாங்க.

இன்னொண்ணு, லேபர் மொபிலிட்டிக்கு, அதாவது வேலைக்காக ஆளுங்க நாடு விட்டு நாடு போறதுக்கு, "புலம்பெயர்வு" போடாதீங்க. உலக வர்த்தக அமைப்போட சேவை ஒப்பந்தத்துல (1995) ஆளுங்க தற்காலிகமா போய் வர்றதைப் பத்திதான் பேச்சு, குடியுரிமை, நிரந்தர வேலை ரெண்டும் அதுல சேராதுன்னு தெளிவா இருக்கு. "இடம்பெயர்வு"ன்னா இலங்கை நண்பர்களுக்குப் போர்ல வீட்டை விட்டு ஓடினதுதான் ஞாபகம் வரும். நான் சொல்றது "திறனாளர் நகர்வு".

---

தம்பி, தகுதியேற்பு எனக்குச் சரி, சொல்லடைவுல சேர்த்துடுறேன். நகர்வு கொஞ்சம் செஸ் காயை நகர்த்துற மாதிரி இருக்கு, யாரோ தள்ளி இவங்க போற மாதிரி. "பெயர்ச்சி"ன்னு வைக்கலாம்னு பார்த்தா ராசிபலன் பார்க்க வந்துடுவாங்க. "திறனாளர் போக்குவரவு" எப்படி? திரும்பி வர்றதும் அதுலயே இருக்கு.

---

போக்குவரவு நல்லாவே இருக்குங்க ஐயா, "போக்குவரத்து"ன்னு எவனாவது திருத்திடுவானோங்கிற பயம் மட்டும்தான்.