அரட்டைக் குழு: அம்மாவின் 80ஆவது பிறந்தநாள் (குடும்பம் மட்டும்)

வசந்தி: எல்லாரும் ஒருக்கா பாருங்கோ. அபியின் பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு கொம்பனி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் கையெழுத்து வேணுமாம். 14 பக்கம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ரஞ்சி: எது, அந்த பஸ் பாட்டா?

அபி: ஓம் சித்தி. யூரியூப்பில் போட்டது.

தேவி: வாழ்த்துகள் பிள்ளை. ஹோல்காரர் எத்தனை கதிரை என்று கேட்கிறார். 120 என்று சொல்லட்டா?

யோகன்: ஒருவரும் கையெழுத்து வைக்காதேங்கோ. நான் எழுதுவதை முதலில் வாசியுங்கோ.

சுதன்: தொடங்கிவிட்டார்.

யோகன்: நாங்கள் லண்டன் ரூட்டிங்கில் இருந்த காலம். சாண்டி தொம் என்று ஒரு பாடகி. ஸ்கொட்லாந்தில் பான்ஃப் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். லிவர்பூலில் பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி சேர்ந்து தொடங்கிய கல்லூரியில் படித்தவர். தானே எழுதித் தானே பாடுவார். 2005 ஒக்டோபரில் 'ஐ விஷ் ஐ வாஸ் எ பங்க் றொக்கர்' என்று ஒரு பாட்டு விட்டார். தாளமும் குரலும் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. தான் பிறக்காத காலத்துக்கு ஏங்குகிற பாட்டு. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே பாட்டுத்தான் 2006 யூனில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலாம் இடம். நடுவில் என்ன நடந்தது?

ரஞ்சி: தெரியும் அண்ணை. பேஸ்மென்ட்.

யோகன்: அபிக்குத் தெரியாதே. ரூட்டிங்கில் தான் இருந்த வீட்டு பேஸ்மென்டில் கமராவை வைத்து 21 இரவு தொடர்ந்து இணையத்தில் பாடினார். பெப்ரவரி 24 முதல் மார்ச் 16 வரை. கச்சேரிக்குப் போகிற வாகனம் வழியில் நின்றுவிட்டதால் வந்த யோசனை என்று சொன்னார்கள்.

ரஞ்சி: அந்த வீடு எந்தத் தெரு என்றுகூட இவருக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் கதை.

சுதன்: இணையத்தில் என்றாலும் பார்த்தீங்களா அப்பா?

யோகன்: அப்ப வீட்டில் இருந்த இணைப்பு உன் விளையாட்டுக்கே காணாது.

அபி: எத்தனை பேர் பார்த்தவை மாமா?

யோகன்: முதல் இரவு நூறு பேர்கூட இல்லை, பிறகு பல்லாயிரம் என்று பத்திரிகைகளில் வந்தது. அதில்தான் சண்டையே. அவ்வளவு கூட்டத்தைத் தாங்குகிற சேர்வருக்கு யார் காசு கட்டினது என்று கேட்டார்கள். அவருக்கு முன்னமே பாட்டு உரிமை ஒப்பந்தம் ஒன்றும், விளம்பரம் பார்க்க ஒரு கொம்பனியும் இருந்தது. அப்புறம் ஆர்.சி.ஏ. என்ற பெரிய இசைத்தட்டுக் கொம்பனி அவரை எடுத்தது.

வசந்தி: அண்ணை, அபியின் ஒப்பந்தம்.

யோகன்: அதற்குத்தான் வருகிறேன்.

தேவி: 120 ஆ 150 ஆ? கனடாவில் இருந்து பெரியவர் வருகிறார். மனுசி வரமாட்டா. காரணம் எல்லாருக்கும் தெரியும்.

ரஞ்சி: எனக்குத் தெரியாது.

தேவி: தனியாக எடுக்கிறேன்.

வசந்தி: அந்த நகைக் கதையை இங்கே தொடங்காதேங்கோ. இதில் பிள்ளைகள் இருக்கினம்.

சுதன்: பிள்ளைகளுக்கும் தெரியும் மாமி.

யோகன்: ஒன்பது கிழமை அசையாமல் நின்ற 'கிரேஸி' பாட்டுக்குப் பிறகு முதலாம் இடத்துக்கு வந்தது சாண்டி தொம்மின் அந்தப் பாட்டுத்தான். அல்பமும் முதலாம் இடம். அவுஸ்திரேலியாவில் பாட்டு பத்துக் கிழமை முதலாம் இடம். 2008இல் இரண்டாவது அல்பம் வந்தது, 25ஆவது இடம். அதோடு பெரிய கொம்பனிக்கும் அவருக்கும் இருந்த தொடர்பு முடிந்தது.

சுதன்: சுருக்கமாகச் சொன்னால் ஒரே ஒரு பாட்டு.

யோகன்: எல்லாரும் அங்கேதான் நிறுத்துகிறீர்கள். பிறகு கார்டியன் ஏஞ்சல்ஸ் என்று சொந்த இசைத்தட்டு லேபிள் தொடங்கினார். 2010இல் 'மேர்ச்சன்ற்ஸ் அன்ட் தீவ்ஸ்' அல்பம். பொப் இல்லை, புளூஸ் பக்கம். புளூஸ் கிற்றார்காரர் ஜோ பொனமாசா அதில் இருக்கிறார். 2012இல் 'ஃபிளெஷ் அன்ட் பிளட்', தயாரித்தவர் பிளாக் குரோஸ் குழுவின் ரிச் றொபின்சன். முதல் அல்பத்தைவிட இவை இரண்டும் நல்லவை. கேட்க ஆள் இல்லை. என்னிடம் இருக்கிறது.

தேவி: இருக்கிறது. கராஜில், ஈரப் பெட்டிக்குள்.

ரஞ்சி: ரேடியோ 2 வீடியோவைச் சொல்லவில்லையே.

அபி: என்ன வீடியோ?

சுதன்: 2015. 'ஏர்த்குவேக்' என்ற புதுப் பாட்டை பிபிசி ரேடியோ 2 பட்டியலில் சேர்க்கவில்லை என்று அழுது, திட்டி, பேஸ்புக்கில் போட்டார். வீடியோ ஓடின ஓட்டம் பாட்டு ஓடவில்லை.

யோகன்: சிரிக்காதேங்கோ. சொந்தமாகச் செய்தால் றேடியோக்காரனின் கதவைத் தட்டுகிறதும் நீதான், இல்லை என்ற பதிலை வாங்குகிறதும் நீதான். பெரிய கொம்பனியில் இருந்திருந்தால் அந்தப் பதில் வேறொருவனின் ஈமெயிலுக்குப் போயிருக்கும். அவன் மத்தியானம் சாப்பிடப் போயிருப்பான்.

அபி: நானும் அழுதிருப்பேன்.

ரஞ்சி: இப்ப மட்டும் பாட்டுக்காரரில் இவ்வளவு இரக்கம். அரங்கேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்க என் வகுப்பை நிறுத்தி, கணக்கியல் படி என்றது யார்?

யோகன்: அது அப்பா.

ரஞ்சி: அப்பாவுக்கு ஓதினது யார்?

யோகன் ஒரு செய்தியை அழித்துவிட்டார்

சுதன்: நான் வாசித்துவிட்டேன்.

ரஞ்சி: என்ன எழுதினவர்?

தேவி: மட்டன் ரோல்ஸ் 300 சொல்லிவிட்டேன். மரக்கறி 100.

யோகன்: வசந்தி, ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம் என்று பார். எத்தனை வருஷத்துக்கு என்று பார். இந்தப் பாட்டுக்கு மட்டுமா, இனி எழுதப்போகிறதுக்கும் சேர்த்தா என்று பார்.

அபி: பக்கம் 6. "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று இருக்கிறது.

வசந்தி: நிரந்தரம் என்றால் எதுமட்டும்?

சுதன்: அபி செத்த பிறகும்.

வசந்தி: வாயைக் கழுவு.

ரஞ்சி: முற்பணம் எவ்வளவு?

அபி: 500 பவுண்.

தேவி: ஹோலுக்கே காணாது.

அபி: மாமா, அந்த 21 இரவு நல்ல யோசனை. நான் ஏழு இரவு செய்து பார்க்கட்டா? உங்கள் கராஜில்?

யோகன்: தாராளமாக.

தேவி: அம்மாவின் விழா முடியுமட்டும் இல்லை. அண்டா எல்லாம் அங்கேதான். கேட்காமல் இவர் எப்படிச் சொல்வார்?

யோகன்: சரி, பிறகு பார்ப்போம். முதலில் ஒரு லோயர். ரஞ்சி, உன்னோடு வேலை செய்த பிள்ளை?

ரஞ்சி: அவ வீடு விற்கிற பத்திரம் பார்க்கிறவ.

யோகன்: ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

சுதன்: இல்லை அப்பா. மியூசிஷியன்ஸ் யூனியன் என்ற இசைக்கலைஞர் சங்கத்தில் சேர்ந்தால் ஒப்பந்தத்தை வாசித்து ஆலோசனை சொல்வார்கள். மாணவர்களுக்குக் கட்டணமும் குறைவு.

அபி: இன்றிரவே பார்க்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் பதில் வருமா?

வசந்தி: கொம்பனியிடம் இன்னும் இரண்டு கிழமை கேள்.

அபி: கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிட்டால்?

யோகன்: விடட்டும்.

ரஞ்சி: உங்களுக்கு எப்பவும் லேசு.

தேவி: கதிரை.

ரஞ்சி: அபி பாடுவதென்றால் 150.

அபி: நான் பாடுவதாகச் சொல்லவே இல்லை.

வசந்தி: அம்மா வெள்ளிக்கிழமையே கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டா.

யோகன்: எந்தக் கோயிலில்?

வசந்தி: ரூட்டிங் அம்மன் கோயிலில்.

தேவி: அப்ப 200.