சிமென்ட் ரோட்டுக்குக் கணக்கு கேட்பது அரசியலா?

*எங்கள் தெரு (வாட்ஸ்அப் குழு)*

*எதிர் வீட்டு அக்கா, காலை 7:10*
வாசல் கூட்டினோம். போன மாதம் போட்ட சிமென்ட் ரோட்டிலிருந்து அரை முறம் மணல் வந்திருக்கிறது. போட்டோ போட்டிருக்கிறேன், பாருங்கள்.

*கடைசி வீட்டுத் தங்கச்சி, 7:18*
பார்த்தேன் அக்கா. எங்கள் பக்கம் ஓரமே பெயர்ந்துவிட்டது. தம்பியின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன், மூன்று அங்குலம்கூட இல்லை. கட்டைவிரலால் தேய்த்தால் ஜல்லி தனியாக வருகிறது. எஸ்டிமேட்டில் எத்தனை அங்குலம் என்று கேட்டு மனு போடப் போகிறேன்.

*கடை அண்ணாச்சி, 7:25*
தண்ணீர் வரும் நேரம், கரண்ட் கட், நல்லது கெட்டது சொல்லத்தானே இந்தக் குழு? அரசியல் வேண்டாம்மா. பத்து வருஷம் சேற்றை மிதித்தோம், ரோடு வந்ததே பெரிசு.

*கடைசி வீட்டுத் தங்கச்சி, 7:31*
அண்ணாச்சி, நான் எந்தக் கட்சியையும் சொல்லவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கேள்விதான். நீங்கள் சோப்பு வாங்கினாலும் வரி போகிறது, விற்றாலும் வரி போகிறது. அந்தக் காசில் போட்ட ரோடுதானே இது?

*கடை அண்ணாச்சி, 7:33*
கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். கடை வைத்துப் பிழைப்பவன் நான்.

*வாத்தியார் ஐயா, 7:40*
ஏன் என்று கேட்கவே முடியாது தம்பி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(2): மனு போடுபவர் காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. தங்கச்சி, பிரிவு 2(ஜே)யையும் படித்துப் பார். காகிதம் கேட்பதோடு முடியவில்லை. வேலையை நேரில் ஆய்வு செய்யலாம், போட்ட பொருளில் சான்றளித்த மாதிரியும் கேட்டு வாங்கலாம். அக்கா கூட்டிய மணலைக் கொட்டிவிட வேண்டாம். ஆனால் முறையான மாதிரி அலுவலகம் வழியாகத்தான் வர வேண்டும்.

*நடு வீட்டுத் தம்பி, 7:44*
ஐயா, அந்தச் சட்டத்தில் இப்போது கை வைத்துவிட்டார்களே?

*வாத்தியார் ஐயா, 7:58*
ஆமாம், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். முன்பு தனிநபர் விவரம் என்றாலும், பெரும் பொதுநலன் இருந்தால் அந்தச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே)யின்படியே கொடுக்க இடம் இருந்தது. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகத்தை எடுத்துவிட்டது; 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இப்போது 'தனிநபர் தகவல்' என்ற ஒரு சொல்லைச் சொல்லியே மறுக்கலாம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ராஜஸ்தானில் 1994லிருந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு ஊர் நடுவே மக்களை உட்கார வைத்துக் கூலிப் பட்டியலைச் சத்தமாகப் படித்தது. செத்துப்போனவர் பெயரிலும் கூலி போயிருந்தது. பெயரைப் படித்ததால்தான் ஊர்க்காரர்களுக்கு அது தெரிந்தது. பெயரை மறைத்துக் கொடுத்தால் எதை வைத்துச் சரிபார்ப்பது? அந்த மாதிரிப் போராட்டங்களிலிருந்துதான் 2005 சட்டமே பிறந்தது. மாநிலங்களில் முதலில் தகவல் உரிமைச் சட்டம் போட்டது நம் தமிழ்நாடு, 1997ல். விதிவிலக்குகள் அதிகம்தான், ஆனாலும் முதல் சட்டம்.

*எதிர் வீட்டு அக்கா, 8:02*
தண்ணீர் வந்துவிட்டது, பிடித்துக்கொள்ளுங்கள்.

*கடைசி வீட்டுத் தங்கச்சி, 8:20*
அப்படியானால் ஒப்பந்ததாரர் பெயரைக் கேட்டால் தனிநபர் தகவல் என்று சொல்லிவிடுவார்களா ஐயா?

*வாத்தியார் ஐயா, 8:26*
சொல்லிப் பார்க்கலாம். பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது, பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று. மனுவிலேயே அதைக் குறிப்பிடு. கேள்விகளைச் சின்னதாக வை: எஸ்டிமேட் நகல், எம் புக் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) நகல், பில் தொகை, பழுதானால் எத்தனை ஆண்டு வரை ஒப்பந்ததாரரே சரி செய்ய வேண்டும். 'ரோடு ஏன் மோசம்' என்று எழுதாதே. அது புகார், அதற்குத் தனி மனு. பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. ரசீதைப் பத்திரமாக வை.

*நடு வீட்டுத் தம்பி, 8:30*
யார் பெயரில் போடுவது? எனக்கு அரசுத் தேர்வு வருகிறது, வீட்டில் பயப்படுகிறார்கள்.

*கடைசி வீட்டுத் தங்கச்சி, 8:31*
என் பெயரில்தான். நீ படி.

*எதிர் வீட்டு அக்கா, 8:47*
மாமியார் எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். "இரண்டு வேளையும் அந்த மணலைக் கூட்டுகிறவள் நான். என் பேரிலும் ஒன்று போடச் சொல்" என்கிறார். கையெழுத்துப் போடத் தெரியும்.

*கடை அண்ணாச்சி, 8:52*
ஸ்டாம்பு வாங்க யாரும் அலைய வேண்டாம். சரக்கெடுக்கக் கோர்ட் பக்கம்தான் போகிறேன். இரண்டு போதுமா, மூன்றாக வாங்கட்டுமா?

*கடைசி வீட்டுத் தங்கச்சி, 8:53*
மூன்றாக வாங்குங்கள் அண்ணாச்சி. சாயங்காலம் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதலாம்.